அப்ரியா

எச் என்று ஓர் எழுத்து. எழுதவேண்டும், ஒலிக்கக்கூடாது.
கரும்பலகையில் அதை முதலில் எழுதிவிட்டு
வாயை மூடிக்கொண்டு நின்றேன்.
மீன் தொழிற்சாலைப் பெண்கள் சிரித்தார்கள்.
மார் தெல் பிளாத்தாவில் செவ்வாய் இரவு வகுப்பு,
பதினோரு பேர்,
கையுறை கழற்றியும் மெர்லூசா வாடை போகாத விரல்கள்.

அப்ரியா, அப்ரியாஸ், அப்ரியா.
ஐந்தாவது வரியை எழுதி உடனே அடித்தேன்,
அது ஸ்பெயின்காரர்களுக்கு; இந்தக் கரையில் யாரும் சொல்வதில்லை.
"முதலாவதும் மூன்றாவதும் ஒன்றா?" என்றாள் கும்பா.
ஒன்றுதான். நானும் அவனும் ஒரே சொல்.
யார் என்பதைப் பக்கத்துச் சொல்தான் சொல்லவேண்டும்.

அதன் பின்னால் முடிந்துபோன வினை ஒன்றைக் கட்டு.
அப்ரியா கொமீதோ: சாப்பிட்டிருப்பேன்.
அப்ரியா பெஸ்காதோ: மீன் பிடித்திருப்பேன்.
(நீரில் நீந்தும்வரை மீனுக்குப் பேர் பேஸ்.
கரைக்கு வந்தபின் பெஸ்காதோ, பிடிபட்டது.
தினமும் அறுநூறு கிலோ அறுக்கிறோம்,
இது தெரியாதே என்றார்கள்.)

சொல்பேச்சு கேட்காத வினைகளும் உண்டு:
ரோதோ, உடைந்தது. முவெர்தோ, செத்தது.
புவெல்தோ, திரும்பியது.
"அன்றாடம் நடக்கிறவைதான் அடங்காதோ" என்றாள்
ஹைத்திக்காரி மிஸ்லாந்த்.

பயன் எளிது என்றேன்.
பணம் இருந்திருந்தால் வாங்கியிருப்பேன்,
அதாவது வாங்கவில்லை.
காற்று அடிக்காதிருந்தால் போயிருப்பேன்,
அதாவது போகவில்லை.
ஆகவே இந்த வினையைக் கண்டால் அஞ்சவேண்டாம்.
அஞ்சவேண்டாம் என்று நானே சொன்னேன்.

வியாழனன்று கும்பா சீக்கிரமே வந்தாள்.
கையில் அன்றைய நாளிதழ், ஐந்தாம் பக்கம்.
கணவன் சேரிஞ் வேலைக்குப் போன படகு,
தெஸ்வெலாதா, உறக்கம் தொலைத்தவள் என்று பெயர்.
விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள்:
சே அப்ரியா உந்தீதோ.
மூழ்கியிருக்கும்.
நிமிர்ந்தாள். முகமெல்லாம் பல்.
"மூழ்கியிருக்கும். ஆனால் மூழ்கவில்லை.
சரிதானே, நெலிதா?
'இருந்தால்' மட்டும் அச்சில் விட்டுப்போயிற்று."

விட்டுப்போகவில்லை.
பகலில் நான் அந்த நாளிதழில் மெய்ப்புத் திருத்துகிறேன்.
நிருபன் எழுதியிருந்தது: மூழ்கியது.
கடற்காவல் உறுதி செய்ததா என்று கேட்டேன்.
இன்னும் இல்லை என்றான், சிகரெட்டோடு போய்விட்டான்.
அடித்துவிட்டு மேலே எழுதினேன்: அப்ரியா.
எங்கள் தொழிலில் அதற்கு வேறு வேலை.
மூழ்கியதாம். சொல்லிக்கொள்கிறார்கள்.
பொய்யாகிப்போனால் பத்திரிகைமீது வழக்கு வராது.
பாடநூலில் இது பின்னிணைப்பு, பொடி எழுத்து.
நான் நடத்தவில்லை.

சுண்ணக்கட்டியை எடுத்தேன். வைத்தேன்.
மூழ்கியிருக்கும் என்று இன்னொரு முறை சொன்னேன்,
மெதுவாக, முன்னால் எந்த 'இருந்தா'லும் இல்லாமல்.
குரல் எங்கே இறங்கவேண்டுமோ அங்கே இறங்கியது.
அவள் உதடு மூடியது, அந்த எச் போல.

மேலங்கி மாட்டாமலே துறைமுகம் போனோம்.
மஞ்சள் படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன.
கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால்
கடற்காவல் சிப்பாய் ஒருவன்,
ஒரு தாளைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் மாத்தே குவளை.
கும்பா கேட்டாள், ஒரு பிழையில்லாமல்:
"என் கணவர் திரும்பியிருப்பாரா?"
புவெல்தோ. அடங்காத வினை. சரியாகச் சொன்னாள்.
மதிப்பெண் போட வாய் எடுத்தேன். வெட்கம்.

அந்தச் சொல்லை நான் மாற்றாதிருந்தால்
காலையிலேயே அழுதிருப்பாள்.
வகுப்பில் நான் பேசாதிருந்தால்
இன்னும் ஓர் இரவு உறங்கியிருப்பாள்.
இரண்டு வாக்கியத்திலும் இலக்கணம் சரி.

சிப்பாய் குவளையை நகர்த்தித் தாளைத் திருப்பினான்.
"பெயரை எப்படி எழுதுவது?" என்றான்.
கும்பா சன்னல் துளைக்கு அருகில் குனிந்து
"எஸ்" என்றாள்.
அவன் அதை எழுதி முடிக்கும்வரை காத்திருந்து
"ஈ" என்றாள்.